குறிப்பு என்ற கட்டம்

ராணிப்பேட்டைக் கம்பெனியில் ஒன்பது வருஷம்
ஷூவுக்கு மேல்பாகம் தைத்தேன்.
எண்ணியதெல்லாம் ஜோடி.
ஒற்றை மிஞ்சினால் பழுது,
சிவப்புக் கூடைக்குப் போகும்.

இப்போது ஒட்டந்தாங்கல் ஏரியில்
தற்காலிகக் காவலர். நாள் கூலி.
காலை ஆறுக்கு எண்ணத் தொடங்கவேண்டும்.
நெடுங்கால் உள்ளான் நாற்பத்தொன்று.
முக்குளிப்பான் ஏழு, முங்கியது போக.
நாமக்கோழி நூறைத் தாண்டினால்
'நிறைய' என்று எழுதாதே அமுலு,
பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணு,
தெரியாததை ஊகிக்காதே
என்பார் ரேஞ்சர் தேவநேசன்.
பிரிப்பதற்குள் அவை கலைந்துவிடும்.

முதுகுக்குப் பின்னால் பைபாஸ்.
எதிரே வெயிலில் வெந்த பாறைமலை.
வடக்கே மாநகராட்சிக் குப்பைமேடு,
புகை சாயும் பக்கம் பார்த்துக் காற்றைச் சொல்வேன்.
ஊர்ச் சாக்கடை மதகு வழியாக வருகிறது.
அதுவும் வராவிட்டால்
கத்திரியில் இங்கே ஏரியே இல்லை.
நுழைவாயில் பலகையில் இதெல்லாம் கிடையாது.
துணி துவைக்காதீர், தூண்டில் போடாதீர், அவ்வளவுதான்.

ஆனி மாதம் அந்த ஆள் வரத் தொடங்கினார்.
ஷேர் ஆட்டோவில், ஆஸ்பத்திரிச் சந்து லாட்ஜிலிருந்து,
தலையில் நனைத்த துண்டோடு.
பெயர் பரிமல் மண்டல். ஊர் மால்டா.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
அவர் எழுத்தில் ஏதோ எழுதினார்.
என்ன என்றேன்.
'உட்கார' என்றார்.
அவருக்குத் தெரிந்த தமிழ்
டோக்கன், ரத்தம், நாளைக்கு வா, உட்கார்.

ஒரு நாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக
ஆம்பல் இலைகளைக் காட்டினார்.
'ஜொல் மொயூர்!'
தண்ணீரைக் காட்டி, தோகையை விரித்துக் காட்டி.
மயில் எனக்குத் தெரியும்,
எங்கள் மல்லாட்டைக் கொல்லையை மேய்கிற சனியன்.
இது நீளவால் இலைக்கோழி என்கிறது அட்டவணை.
இலை மேல் நான்கு முட்டை,
பாலிஷ் போட்டு முடித்த தோல்போலப் பழுப்பு.
அடைகாப்பது ஆண். பெட்டை போய்விட்டது.
இதை எப்படியோ கையால் சொன்னேன்.
அவர் வெகுநேரம் அந்த ஆணையே பார்த்தார்.

ஆடிப் பிறப்புக்கு முந்தின இரவு அடித்த மழையில்
மதகு பொங்கி
இலை பாதி முழுகிக் கிடந்தது.
அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவே முட்டையை இடுக்கிப்
பின்னாலேயே நடந்து
பக்கத்து இலைக்கு இழுத்துக்கொண்டிருந்தது பறவை.
ஒன்று.
நாங்கள் மூச்சு விடவில்லை.
இரண்டு. மூன்று.
மண்டலின் போன் அடித்தது. டோக்கன் வந்துவிட்டது.
ஓடினார்.
கேட்டில் பள்ளிக்கூட வேன் ஹாரன்,
சாவி என் இடுப்பில்.
நான் திரும்பி வந்தபோது
பழைய இலை தண்ணீருக்கு அடியில்,
பறவை புது இலையில் உட்கார்ந்திருந்தது,
சிறகுக்குக் கீழே எத்தனை என்று தெரியாமல்.

பதினெட்டு நாள் அவர் வரவில்லை.
பத்தொன்பதாம் நாள் ஆட்டோவிலிருந்து
முதலில் ஒரு வெள்ளைக் குடை இறங்கியது.
அதன் கீழே முகக்கவசம்,
ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை.
அந்தம்மா கரையில் நின்று காற்றை முகர்ந்தார்.
குப்பைப் புகையும் சாக்கடையும் கலந்த காற்றை,
சொந்த ஊர்க் குளத்தை முகர்வதுபோல.

இலையில் ஒன்றும் இல்லை.
பொரித்துப் போனதோ, பாம்பு தின்றதோ.
அந்தம்மா என் பக்கம் திரும்பி
நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார்.
புருவத்தில் கேள்வி.
அவர் எல்லாம் சொல்லியிருக்கிறார்,
மூன்று வரைக்கும்.

எண்ணுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
நானும் நான்கு விரலைத் தூக்கினேன்.

அன்று சாயங்காலம் குறிப்பு என்ற கட்டத்தில்
இலைக்கோழி, குஞ்சு நான்கு என்று எழுதினேன்.
பார்வையாளர் கட்டத்தில், பழைய கைப்பழக்கம்,
ஜோடி ஒன்று.

ரேஞ்சர் சிவப்பு மையால்
ஜோடியை அடித்து 2 என்று திருத்தினார்.
நான்கின் மேல் பேனாவைக் கொஞ்சநேரம் வைத்திருந்தார்.
பிறகு பக்கத்தைப் புரட்டினார்.